ஏடில்லாத இயந்திரங்கள்

நாகர்கோவில் நகரின் நடுவே மணிமேடை நிற்கிறது. 1893-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் அதனைத் திறந்துவைத்தார். அதிலுள்ள கடிகாரம் டத்தி பாதிரியார் நன்கொடையாக அளித்தது. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது. எடைக்கட்டி இறங்குகிறது; பற்சக்கரம் சுழல்கிறது; முள் நகர்கிறது. பொறுமையுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தாலே, எது எதனை இயக்குகிறது என்பதை அறிந்துகொள்ளலாம். அக்கடிகாரத்துக்கு விளக்க ஏடு இல்லாமற் போயினும் பெருங்கேடு விளையாது. ஆனால், கண்ணுக்குப் புலப்படாத மின்னோட்டத்தால் இயங்கும் கருவிக்கு ஏடு இல்லையென்றால், பழுது பார்ப்பவர் என்ன செய்வார்?

நேயர்களே, நம் நாடு இக்கேள்வியை ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்தது. 1955-இல் கல்கத்தாவிலிருந்த இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு கணிப்பொறி வந்தது. இந்திய மண்ணில் நிறுவப்பெற்ற முதல் எண்முறைக் கணிப்பொறி அதுவே. பின்னர் 1960-களில் ஐ.பி.எம். என்னும் அமெரிக்க நிறுவனத்தின் 1401 என்ற பொறி இங்கே பரவியது. பொறி நம் கூடத்தில் இருந்தது. அதனைப் பேணும் பொறுப்பு அந்நிறுவனத்தாரிடம் இருந்தது. 1973-இல் இயற்றப்பெற்ற அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டார் பங்கினை நூற்றுக்கு நாற்பதாகக் குறைக்கும்படி பணித்தது. அதற்கு இசையாத ஐ.பி.எம். 1978-இல் நாட்டை விட்டு வெளியேறியது. பொறிகளோ இங்கேயே தங்கின. அவற்றைப் பேணும் பணியை, 1975-இல் அரசு தோற்றுவித்த கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் ஏற்றது. ஐ.பி.எம்.மில் முன்பு பணியாற்றிய பொறியாளர் பலர் அதில் சேர்ந்தனர். நிறுவனம் போயிற்று, அறிவு மனிதரோடு தங்கிற்று. அந்தக் கார்ப்பரேஷனும் 2001-இல் டாட்டா குழுமத்தின் கைக்கு மாறி, 2015-இல் டி.சி.எஸ். நிறுவனத்தோடு இணைந்துவிட்டது.

அடுத்து வந்தது மேசைக் கணிப்பொறியின் காலம். 1981 ஆகஸ்டில் அதே ஐ.பி.எம். தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டது. அதற்கென ஓர் அரிய நூலையும் விற்றது. மின்சுற்று வரைபடங்களும், பொறியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் என்னும் நிரலின் வரிகளும் அந்நூலில் அச்சாகியிருந்தன. பழுது பார்ப்பவருக்கு அது நிகண்டு போன்றது. ஆயினும், அப்பொறியைப் போலப் பிறர் செய்யத் தலைப்பட்டபோது நிலை மாறியது. தைவான் நாட்டின் தொழிற்கூடங்கள், பல சிறு ஐ.சி.க்கள் செய்த வேலையைச் சில பெரிய ஐ.சி.க்களுக்குள் அடக்கின. விலை குறைந்தது, வரைபடம் மறைந்தது. மதர்போர்டு என்று கடைக்காரர் கூறும் தாய்ப்பலகையுடன் ஒரு மெல்லிய கையேடு வந்தது. சிலவற்றுடன் அதுவும் வரவில்லை.

1984 நவம்பரில் இந்திய அரசு புதிய கணிப்பொறிக் கொள்கையை அறிவித்தது. உதிரி உறுப்புகளின் இறக்குமதி எளிதாயிற்று. தில்லி நேரு பிளேசிலும் சென்னை ரிச்சி தெருவிலும் பலகைகள் குவிந்தன. அவற்றை வாங்கிக் கணிப்பொறி பூட்டித் தரும் இளைஞர் ஊர்தோறும் தோன்றினர். நாஞ்சில் நாட்டிலும் தோன்றினர்.

அப்பலகைகளில் ஜம்பர் எனப்படும் சிறிய ஊசிகள் வரிசையாக நிற்கும். இரண்டு ஊசிகளின் மேல் சிறு மூடியொன்றைச் செருகினால் இணைப்பு உண்டாகும், எடுத்தால் அறும். செயலியின் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் இவையே தீர்மானிக்கும். 1989-இல் வந்த 486 செயலி 5 வோல்ட்டில் இயங்கியது. 1994-இல் வந்த அதன் இளவலாகிய டி.எக்ஸ்.4 செயலிக்கு 3.3 வோல்ட்டே தேவை. ஜம்பர் இடம் மாறி 5 வோல்ட் பாய்ந்தால் இளவல் வெந்துபோகலாம். பலகையின் மேல் ‘ஜே.பி.12’ என்று அச்சிட்டிருக்கும். அதன் பொருள் எங்கும் அச்சிட்டிராது.

இங்கேதான் பழுது பார்ப்பவர் கல்வெட்டு ஆய்வாளராக மாறுகிறார். நம் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கல்வெட்டுகளை ஆராய்ந்தவர். காந்தளூர்ச்சாலை பற்றி நூல் எழுதியவர். சிதைந்த வட்டெழுத்தைப் படிப்பவர் தெரிந்த எழுத்திலிருந்து தெரியாத எழுத்துக்குச் செல்வார் அல்லவா? இவரும் அவ்வாறே செல்கிறார். பலகையின் ஏடு கிடைக்காவிட்டாலும் செயலியின் ஏடு கிடைக்கும். எந்தக் கால் எதற்கு என்பது அதில் உண்டு. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைச் செயலிக் கூட்டின் அறிந்த துளையிலும், மறுமுனையை ஒவ்வொரு ஜம்பரிலும் வைத்துத் தேடுகிறார். ஒலி எழுந்த இடத்தில் ஓர் எழுத்துத் துலங்கியது என்று பொருள். மின்னழுத்தத்தை அறிய வேண்டுமாயின், செயலியை எடுத்துவிட்டு வெறுங்கூட்டிலே அளக்கிறார். பொறி தொடங்கும்போது திரையின் அடியில் தோன்றும் நீண்ட எண்வரிசை, பலகையின் பிறந்தகத்தை அறியத் துணை செய்கிறது.

மற்றொரு பகை காலம். நேரங்காட்டும் உறுப்புக்காகப் பழைய பலகைகளில் நிக்கல்–காட்மியம் மின்கலம் ஒன்றைப் பற்றவைத்திருந்தார்கள். முதுமையில் அது கசியும். கசியும் காரம் மெல்லிய செம்புத் தடங்களைத் தின்றுவிடும். காடியால் காரத்தை முறித்து, சாராயத்தால் துடைத்து, அறுந்த தடத்துக்கு மாற்றாக மெல்லிய கம்பியைப் பற்றவைக்கலாம். ஆனால், தடமே கரைந்து மறைந்தபின், அது எங்கிருந்து எங்கே சென்றது என்று யார் சொல்வார்? அதே வகைப் பலகை இன்னொன்று வேண்டும். அல்லது முன்பே ஒருவர் எழுதிவைத்த குறிப்பு வேண்டும்.

நான் தலைமையாசிரியனாக இருந்த நாட்களில், ஒரு பள்ளியின் கணிப்பொறிக் கையேடுகள் பழைய காகிதத்தோடு எடைக்குப் போயின. பொறிகள் மட்டும் எஞ்சின. மாணவர் பதிவுகள் அவற்றினுள்ளே கிடந்தன. பின்னர் ஒன்று பழுதுற்றபோது, உள்ளூர் மெக்கானிக் ஒருவர் மூன்று நாள் ஊசி ஊசியாகத் தொட்டுப் பார்த்து அதனை எழுப்பினார். பதிவுகள் பிழைத்தன. “கண்டறிந்ததை எழுதிவைத்தீர்களா?” என்று கேட்டேன். “எல்லாம் மனசில இருக்கு, சார்” என்றார். அவர் திறமையை வியந்தேன். அவர் விடை என்னைக் கலங்கச் செய்தது.

ஏனெனில், இது வர்ம ஆசான்களின் நாடு. அறிவைச் சீடனுக்கும் முழுதும் சொல்லாமல், ஓலையையும் பிறர் கண்ணிற் படாமல் காத்தவர்கள் இங்கே வாழ்ந்தார்கள். தகாதவர் கையில் அது சேரலாகாது என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. ஆசான் மறைந்தபின் எஞ்சியது கறையான் அரித்த கட்டுதான். ஜம்பர் இருக்கும் இடத்தை மறைப்பதற்கு அத்தகைய காரணம் ஏதும் இல்லை. மேலைநாட்டார் 1990-களிலேயே ஆயிரக்கணக்கான பலகைகளின் ஜம்பர் அட்டவணைகளை ‘டோட்டல் ஹார்டுவேர் 99’ என்னும் தொகுப்பில் சேர்த்தார்கள். அத்தொகுப்பால் இன்றும் எத்தனையோ பலகைகள் உயிர் பெறுகின்றன.

ஆகவே, பட்டறை வைத்திருக்கும் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை மேசை மேல் வையுங்கள். பலகையின் பெயர், நாள், எந்த ஜம்பர் என்ன செய்தது, எந்தத் தடம் எங்கே சென்றது என்பவற்றைத் தமிழிலேயே எழுதுங்கள். முடியாமற் போன வேலையையும் எழுதுங்கள். அடுத்தவருக்கு அந்த மூன்று நாள் மிச்சமாகும். கடையைப் பூட்டும் காலம் வரும்போது, அந்த நோட்டை எடைக்குப் போடாமல் அண்டையிலுள்ள நூலகத்திலோ பள்ளியிலோ கொடுத்துச் செல்லுங்கள்.