பேராக் தந்த பறக்கும் மருத்துவர்



பொழுது சாய்ந்த பிறகும் திடலை விட்டு வராத பிள்ளையைப் பார்த்து, “ஓடி ஓடி என்னடா கண்டாய்? ஓட்டம் சோறு போடுமா?” என்று கேட்காத பெற்றோர் நம் தோட்டப்புறங்களில் மிகக் குறைவு. அந்தக் கேள்வியில் இருந்தது கோபம் மட்டுமன்று. பிள்ளையின் நாளையைப் பற்றிய அச்சமும் அதில் இருந்தது. பேராக் மாநிலத்தின் விளையாட்டு வரலாற்றிலிருந்தே அந்தக் கேள்விக்கு இன்று ஒரு விடை தேடுவோம்.

விளையாட்டு சோறு போட்ட இடங்கள் உலகில் உண்டு. டென்னிஸ் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1968-ஆம் ஆண்டில்தான் விம்பிள்டன் பந்தயம் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கதவு திறந்தது. அவ்வாண்டு ஆடவர் பிரிவில் வென்ற ராட் லேவர் பெற்ற பரிசு 2,000 பவுன். அதன் பின்னர் டென்னிஸ் முழுநேரத் தொழிலாக வளர்ந்தது. சைபீரியாவில் 1987-இல் பிறந்த மரியா ஷரபோவா என்னும் ரஷ்யப் பெண், சின்னஞ்சிறு வயதிலேயே தாயைப் பிரிந்து, பயிற்சிக்காகத் தந்தையோடு அமெரிக்காவுக்குச் சென்றார். 2004-இல், தமது 17-ஆவது வயதில், விம்பிள்டன் பட்டம் வென்றார். புகழும் பெருஞ்செல்வமும் வந்தன. ஆனால் 2016-இல், அவ்வாண்டு முதல் தடை செய்யப்பட்டிருந்த ஒரு மருந்து அவர் உடலில் இருப்பது சோதனையில் தெரிந்தது. விதி மாறியதைத் தாம் அறியவில்லை என்று அவர் விளக்கம் கூறியும், 15 மாதங்கள் ஆட முடியாமற் போயிற்று. 2020-இல் ஆட்டத்திலிருந்து விலகினார். குழந்தைப் பருவத்தையே முதலாகப் போட்டுச் செய்யும் தொழில் அது என்பதை அவர் வாழ்வு நமக்குக் காட்டுகிறது.

இனி நம் பேராக் ஆற்றங்கரைக்கு வருவோம். கோலகங்சார் நகரை நாம் ரப்பரின் பெயரால் அறிவோம். இந்நாட்டுக்கு ரப்பர் வந்த தொடக்க நாள்களில், 1877-இல், கன்றுகள் நடப்பட்ட ஊர் அது. அதே ஊர் உலகுக்குத் தந்த தமிழர் ஒருவர் உண்டு. 1943-இல் பிறந்த மணி ஜெகதீசனே அவர்.

1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் மலாயாவின் சார்பில் 400 மீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டபோது ஜெகதீசனுக்கு வயது 16. அங்கே பதக்கம் கிட்டவில்லை. ஈராண்டு கழித்து ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டரில் தங்கம் வென்றார். 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சென்றபோது அவர் நாட்டின் பெயர் மலேசியா என்று மாறியிருந்தது. அங்கே 200 மீட்டரில் அரையிறுதிவரை முன்னேறினார். 1966-இல் பாங்காக் ஆசியப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், நான்கு பேர் ஓடும் 100 மீட்டர் தொடர் ஓட்டம் என மூன்று தங்கங்கள் அவருக்குக் கிடைத்தன. ஆசியாவின் அதிவேக மனிதர் என்று ஏடுகள் அவரைப் போற்றின.

இத்தனைக்கும் ஓட்டம் அவருடைய தொழிலன்று. அக்கால ஒலிம்பிக் விதிப்படி, விளையாட்டினால் பணம் பெறுவோர் அதில் கலந்துகொள்ள இயலாது. தங்கம் வென்றாலும் அதைக் கொண்டு ஒரு குடும்பத்தை நடத்த முடியாது. எனவே ஜெகதீசன் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். பாடப்புத்தகமும் ஓட்டக் காலணியும் ஒரே காலத்தில் அவருடன் இருந்தன. ‘பறக்கும் மருத்துவர்’ என்னும் பட்டப்பெயர் அவ்வாறு வந்ததே.

1968-இல், டென்னிஸ் உலகம் தொழில்முறைக்கு மாறிய அதே ஆண்டில், ஜெகதீசன் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் ஓடினார். மீண்டும் 200 மீட்டரில் அரையிறுதியை எட்டினார். இறுதி ஓட்டத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் அங்கே அவர் பதித்த 20.92 வினாடி என்னும் தேசியச் சாதனை 49 ஆண்டுகள் நிலைத்தது. 2017-இல் கைருல் ஹாஃபிஸ் ஜந்தான் 20.90 வினாடியில் ஓடி அதை முறியடித்தார். இரண்டு தலைமுறை ஓட்டக்காரர்கள் முயன்று குறைத்தது ஒரு வினாடியில் நூறில் இரண்டு பங்கே!

மெக்சிக்கோவுக்குப் பிறகு அவர் வாழ்வு ஆய்வுக்கூடத்தில் தொடர்ந்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் இயக்குநராகவும், பின்னர் சுகாதாரத் துணைத் தலைமை இயக்குநராகவும் பணியாற்றினார். ஆசிய ஒலிம்பிக் மன்றத்தின் மருத்துவக் குழுவுக்குத் தலைமை ஏற்று, ஊக்க மருந்துகளுக்கு எதிராகவும் உழைத்தார். ஓடிய காலத்தில் படித்த படிப்பு, ஓடி முடித்தபின் விளையாட்டுக்கே காவலாயிற்று.

1966-இல் மலேசியா முதன்முறையாகத் தேசிய விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகளை வழங்கியது. வீரர் விருது ஜெகதீசனுக்கு. வீராங்கனை விருது பெற்றவர் எம். ராஜாமணி; பேராக்கின் தாப்பா நகரைச் சேர்ந்தவர். பாங்காக் ஆசியப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வென்றவர். நாட்டின் முதல் இரு விருதுகளும் ஒரே மாநிலத்துத் தமிழர் இருவரிடம் வந்து சேர்ந்ததை எண்ணினால் நமக்குப் பெருமிதம் உண்டாகிறது.

ஆயினும் இன்னோர் உண்மையையும் நாம் சொல்லியாக வேண்டும். அதே காலத்தில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கொண்டிருந்தன. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற வேண்டியிருந்தது. பலர் பிழைப்பை இழந்து கப்பலேறினர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும். அதற்கு மேற்படிக்க நகரத்துக்குப் போக வேண்டும். போக வர வண்டிச் செலவுக்கு வழியில்லாத குடும்பங்கள் பல. விடியற்காலைப் பிரட்டுக்குப் பெற்றோருடன் எழுந்து, நிரைகளுக்கிடையே பால்வாளி தூக்கி ஓடிய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த வேகம் இருந்ததோ! அவர்களின் ஓட்டத்தைக் கடிகாரம் வைத்து அளந்தவர் யாருமில்லை.

ஓட்டம் சோறு போடுமா என்ற கேள்விக்கு இனி விடை கூறலாம். ஜெகதீசனுக்கு ஓட்டம் சோறு போடவில்லை, கல்விதான் போட்டது. ஆனால் அவர் பெயரை அரை நூற்றாண்டு காத்து நின்றது ஓட்டமே. ஒன்றுக்காக மற்றொன்றை அவர் விட்டுவிடவில்லை. விடாமலிருக்க அவருக்கு வாய்ப்பும் இருந்தது. ஆகவே அந்தக் கேள்வியைப் பிள்ளையிடம் மட்டும் கேட்பது நியாயமன்று. ஓடுகிற காலுக்குத் திடலும், படிக்கிற கண்ணுக்குப் பள்ளியும் ஒருசேர அமைத்துக் கொடுத்தோமா என்று நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.