சக்கரங்களின்மீது முதுமை

ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே, கலிபோர்ணிய எல்லைக்கு அண்மையில், குவார்ட்ஸைட் என்றொரு சிற்றூர் உண்டு. கோடையில் அங்கு வாழ்வோர் சில ஆயிரவரே. மாரி பிறந்ததும் அப்பாலைநிலத்தின் தோற்றமே மாறிவிடுகின்றது. வடக்கின் பனியை நீங்கிய பல்லாயிரக்கணக்கான வீட்டுவண்டிகள் வந்து மணற்பரப்பை நிறைக்கின்றன. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மலகூடம் ஆகிய யாவும் பொருந்திய மோட்டார் வண்டிகள் சில; காரின் பின்னே பூட்டி இழுக்கப்படும் சக்கர வீடுகள் சில; உள்ளே மெத்தை விரித்த பழைய வான்கள் சில. அவற்றில் வருவோருட் பலர் அறுபதைக் கடந்தவர்கள். ஓய்வுக்காலத்தை உல்லாசமாய்க் கழிக்க வந்தவர்கள் என்றே தூரத்திலிருந்து நோக்குவோர் கொள்வர். அத்தகையோர் அவர்களுள் உளர் என்பதும் உண்மையே. ஆயின், வேறெங்கும் வீடோ நிலமோ இன்றி, அவ்வண்டியையே நிரந்தர வாசஸ்தலமாகக் கொண்டு, வேனில் வந்ததும் கூலிவேலை தேடிப் புறப்படுவோரும் உளர். எழுபது வயதிற் காட்டு முகாமொன்றின் மலகூடங்களைக் கழுவும் ஒருவரை ‘ஓய்வுபெற்றவர்’ என்று அழைக்கும் விந்தை எவ்வாறு நேர்ந்தது? இதற்கு விடை காணவேண்டின் நூறாண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

சக்கர வீட்டின் தொடக்கம் உல்லாசமே. ஹென்றி போர்ட்டின் மலிவான மோட்டார் வண்டி நடுத்தர வர்க்கத்தின் கைக்கு எட்டியபின், 1919 ஆம் ஆண்டிற் புளோரிடாவின் தம்பா நகரில் ‘தகரப்பேணிப் பிரயாணிகள்’ என்னும் சங்கம் தோன்றிற்று. வண்டியின் முகப்பில் வெறுந் தகரப்பேணியொன்றைப் பொருத்திக்கொள்வதே அவர்தம் அடையாளம். 1930களின் நடுப்பகுதியில் ரோஜர் பாப்சன் என்னும் பொருளியலாளர், இன்னும் இருபது ஆண்டுகளில் அமெரிக்கரிற் பாதிப்பேர் சக்கர வீடுகளிலேயே வாழ்வர் என ஆரூடங் கூறினார். ஆரூடம் பொய்த்தது. ஆனால், அதே ஆண்டுகளில் உல்லாசத்தை நாடாமலே இலட்சக்கணக்கானோர் சாலைக்கு வந்துவிட்டனர்.

பொருளாதாரப் பெருமந்தமும் புழுதிப்புயலும் ஒக்லகோமா, ஆர்க்கன்சா, டெக்சாஸ் மாநிலங்களின் குத்தகை விவசாயிகளை வேரோடு பெயர்த்தெறிந்தன. ஓட்டை வண்டிகளில் மெத்தையையும் சட்டிபானையையும் கட்டிக்கொண்டு அவர்கள் கலிபோர்ணியாவின் பருத்தி வயல்களையும் பழத்தோட்டங்களையும் நோக்கிச் சென்றனர். 1936 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸ் தலைவர் தமது பொலிஸாரை மாநில எல்லைகளுக்கு அனுப்பி, கையிற் காசற்றோரைத் திருப்பி விரட்டினார். தகரப்பேணியை அணிந்து வந்தவன் விருந்தாளி. தகரப்பேணியில் உண்ண நேர்ந்தவன் நாடோடி! சாலை ஒன்றுதான், வர்க்கம் வேறு. அதே 1936 இல், கலிபோர்ணியாவின் ஆர்வின் என்ற ஊரருகே மத்திய அரசு இத்தொழிலாளர்க்காக ஒரு முகாமை அமைத்தது. சுத்தமான நீரும் குளிப்பறையும் அங்கிருந்தன. முகாமில் வாழ்ந்தோரே தமக்குள் குழுக்களைத் தெரிவுசெய்து அதனை நிர்வகித்தனர். இவ்வொன்றை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் இது தேவைப்படும்.

முதியோரின் நிலை இதனினுங் கொடியது. சேமிப்பை வங்கி விழுங்கிற்று. வேலையை இளைஞனுக்கும் கொடுக்க இயலாத தொழிற்சாலை முதியவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. இந்நிலையில், 1933 இல், கலிபோர்ணியாவின் லோங் பீச் நகர வைத்தியர் பிரான்சிஸ் டவுன்சென்ட் ஒரு திட்டத்தை முன்வைத்தார். அறுபது வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 200 டொலர் கொடுக்கவேண்டும். பெறுவோர் வேலையினின்று முற்றாக நீங்கவேண்டும். பெற்ற பணத்தை ஒரு மாதத்துக்குள் செலவிட்டுவிடவேண்டும் என்பனவே அதன் சாரம். கணக்கு முறையில் அத்திட்டம் நில்லாது எனப் பொருளியலாளர் பலர் கூறினர். எனினும் நாடெங்கும் அதற்கெனக் கழகங்கள் முளைத்தன. முதியோர் ஓர் அரசியற் சக்தியாக எழுந்தமை அமெரிக்க வரலாற்றில் முன்பு அரிதாகவே நிகழ்ந்தது. இவ்வெழுச்சியும் தொழிலாளர் போராட்டங்களும் நெருக்கியமையாலேயே 1935 ஆகஸ்ட் 14 ஆந் தேதி சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார். 1940 ஜனவரியில் வெர்மொன்ட் மாநிலத்தின் ஐடா மே புல்லர் என்ற மூதாட்டி முதல் மாதாந்தக் கொடுப்பனவாக 22 டொலர் 54 சதத்தைப் பெற்றார்.

சட்டத்தின் குறையையும் சொல்லுதல் வேண்டும். விவசாயக் கூலிகளும் வீட்டு வேலையாட்களும் அதிலிருந்து விலக்கப்பட்டனர். தென்மாநிலங்களில் இவ்விரு தொழில்களிலுமே கறுப்பின மக்கள் செறிந்திருந்தனர். 1950களிலேயே அக்கதவு அவர்களுக்குத் திறந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழிற்சங்கங்களின் பலத்தால் ஓய்வூதியம் பெருந்தொழிற்சாலைகளிற் பரவிற்று. அரசின் கொடுப்பனவு, தொழிற்சாலையின் ஓய்வூதியம், சொந்தச் சேமிப்பு என்னும் மூன்றினையும் முக்காலியின் மூன்று கால்களாக அமெரிக்கர் வருணிப்பது வழக்கம். அம்முக்காலியில் அமர்ந்த தலைமுறையே வீட்டுவண்டியை முதியோரின் கனவாக்கிற்று. 1956 ஆம் ஆண்டின் சட்டத்தால் நெடுஞ்சாலைகள் நாடெங்கும் விரிந்தன. அயோவா மாநிலத்தின் வின்னபாகோ கொம்பனி 1960களில் மோட்டார் வீடுகளைத் தொகைதொகையாக உற்பத்தி செய்தது. மாரியிலே தெற்கேகும் முதியோருக்குப் ‘பனிப்பறவைகள்’ எனச் செல்லப்பெயரும் வந்தது.

ஆனால், முக்காலியின் ஒரு கால் உளுத்திருந்தமை 1963 இலேயே வெளிப்பட்டது. அவ்வாண்டின் முடிவில் ஸ்டூடிபேக்கர் மோட்டார் கொம்பனி இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் தொழிற்சாலையை மூடியது. ஓய்வூதிய நிதியிற் போதிய பணமில்லை. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட சுமார் 4,000 தொழிலாளர், தமக்குச் சேரவேண்டியதில் ஏறத்தாழ 15 சதவீதத்தையே பெற்றனர். அவர்களினும் இளையோர்க்கு ஒன்றுமில்லை. இவ்வநீதி எழுப்பிய குரலின் பயனாக 1974 இல் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. முதலாளிகளோ வேறு வழி கண்டனர். 1978 ஆம் ஆண்டின் வருமானச் சட்டத்தில் 401(கே) என்னும் ஒரு பிரிவு இருந்தது. 1980களில் அதனைப் பற்றிக்கொண்டு, ஓய்வூதியத்துக்குப் பதிலாகத் தனித்தனிச் சேமிப்புக் கணக்குகளைக் கொம்பனிகள் புகுத்தலாயின. முன்னர், இறக்கும்வரை மாதந்தோறும் இவ்வளவு தருவேன் என்ற பொறுப்பு முதலாளியின் தலையில் இருந்தது. இப்பொழுது தொழிலாளி தன் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பங்குச் சந்தையில் இடுகிறான். முதலாளி விரும்பினால் ஒரு பங்கு சேர்க்கிறான். சந்தை சரிந்தால் நட்டம் தொழிலாளிக்கே. 1983 ஆம் ஆண்டின் திருத்தமோ, முழுக் கொடுப்பனவுக்குரிய வயதை 65 இலிருந்து 67 வரை படிப்படியாக உயர்த்த வழிசெய்தது.

இவ்வாறு நலிந்த முக்காலியை 2008 ஆம் ஆண்டின் நிதி நெருக்கடி கவிழ்த்துவிட்டது. 2007 இன் உச்சத்திலிருந்து 2009 மார்ச்சுக்குள் பங்கு விலைகள் பாதிக்குமேல் வீழ்ந்தன. வீட்டு விலை கடனுக்குக் கீழே இறங்கிற்று. இலட்சக்கணக்கான வீடுகள் வங்கிகளின் வசமாயின. வட்டிவீதம் பூச்சியத்தை நெருங்கவே, சேமிப்பின் வட்டியில் வாழலாம் என்றிருந்தோரின் கணக்கும் பிழைத்தது. வேலையிழந்த அறுபது வயதினரை எவரும் மீண்டும் அமர்த்த முன்வரவில்லை. வாடகையோ குறையவில்லை. அரசின் கொடுப்பனவு, ஒருவர் அதிகமாக உழைத்த 35 ஆண்டுகளின் ஊதியத்தைக் கொண்டு கணிக்கப்படுவது. பிள்ளை வளர்ப்பிலும் நோயாளரைப் பராமரிப்பதிலும் ஆண்டுகளைக் கழித்த பெண்களுக்கு அக்கணக்கிற் பூச்சியங்களே எஞ்சின. வண்டியில் தனித்து வாழும் முதிய பெண்களின் கதையை இவ்விடத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும். செலவுகளுள் வாடகையே பெரியது. அதனை நீக்கினாற் பிழைக்கலாம் என்று கண்டவர்கள் வீட்டை விட்டு வண்டியில் ஏறினர்.

வண்டிக்குப் பெற்றோல் வேண்டும். வயிற்றுக்கு உணவு வேண்டும். ஆகவே அவர்களின் ஆண்டு வேலைப் பருவங்களாகப் பிரிந்தது. மே முதல் செப்ரெம்பர் வரை தேசிய வனங்களின் முகாம் திடல்களிற் காவலும் துப்புரவும், ஒக்டோபரில் மினசோட்டா, வட டக்கோட்டா வயல்களிற் பன்னிரண்டு மணிநேர முறையிற் சீனிக்கிழங்கு அறுவடை, பின்னர் நத்தார்வரை அமேசன் கொம்பனியின் பண்டகசாலை, மாரியிற் பாலைவனம். அமேசன் 2008 இல் இத்தகைய வண்டிவாசிகளுக்கென்றே தனித் திட்டம் வகுத்து அவர்களை அமர்த்தலாயிற்று. கொங்கிறீற் தரையில் நாளொன்றுக்குப் பதினைந்து மைல்வரை நடந்த முதியோரைப்பற்றிப் பத்திரிகையாளர் ஜெசிக்கா புரூடர் 2017 இல் வெளியிட்ட ‘நோமாட்லாந்து’ என்னும் நூல் விவரிக்கின்றது. 1930களிற் பருத்தி, பட்டாணி, பீச்சு என்று பயிரைப் பின்தொடர்ந்த கூலிகளின் நாட்காட்டிக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானதன்று.

முகாம் திடல் வேலையைச் சற்று விரிவாக நோக்குவோம். வருவோரிடம் கட்டணம் வாங்குதல், மலகூடம் கழுவுதல், அடுப்புக் குழியின் சாம்பலை அள்ளுதல், நள்ளிரவில் ஆரவாரிப்போரை அடக்குதல் ஆகியன முகாம் பராமரிப்பாளரின் கடமைகள். 1970, 1972 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் தேசிய பூங்காக்களிலும் வனங்களிலும் தொண்டர்களைச் சேர்க்க வழிவகுத்தன. வசதியுள்ள முதியவர் ஒருவர், காட்டின்மேற் கொண்ட காதலால் ஒரு கோடையை அங்கு கழிப்பது போற்றத்தக்க தொண்டே. ஆனால், பின்னர் திடல்கள் பலவற்றின் நிர்வாகம் தனியார் கொம்பனிகளுக்குக் குத்தகையாயிற்று. தொண்டுக்கும் கூலிக்கும் இடையிலிருந்த கோடு மங்கிற்று. வேறு தனியார் திடல்களிலோ வண்டி நிறுத்த இடம், தண்ணீர், மின்சாரம் ஆகியவையே ஊதியத்தின் ஒரு பகுதியாக, சிலவிடத்து முழு ஊதியமாகவும், கொள்ளப்படுகின்றன. ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேற்படாமல் நடைபெறும் பொழுதுபோக்குத் தலங்களுக்கு, 1938 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலிருந்து விலக்குப் பெறவும் இடமுண்டு. இருப்பிடமும் வேலையும் ஒரே கையில் இருக்கும்போது, வேலை போனால் இருப்பிடமும் போகும். அத்தகையவர் முறையிடுவது எங்ஙனம்? ஆர்வின் முகாமில் வாழ்ந்தோர் தம் குழுவைத் தாமே தெரிந்தனர். இத்திடல்களிற் பருவத்துக்குப் பருவம் சிதறிப் போவோர்க்குச் சங்கமும் இல்லை.

இவ்வண்டிவாசிகள் பெரும்பாலும் வெள்ளையர் என்பதும் கவனிக்கத்தக்கது. வேர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசிய பூங்காவில் 1939 இல் லூயிஸ் மலை முகாம் கறுப்பின மக்களுக்கெனத் தனியே திறக்கப்பட்டது. 1936 முதல் கறுப்பினப் பிரயாணிகள், தம்மை ஏற்கும் விடுதி எது, பெற்றோல் நிலையம் எது என்று அறிய ஒரு தனிக் கைந்நூலையே நாடவேண்டியிருந்தது. இரவில் வண்டிக்குள் உறங்கும் ஒருவரைப் பொலிஸார் தட்டியெழுப்பும்போது, தோலின் நிறம் இன்றும் பேசுகின்றது. சாலையின் சுதந்திரம் சகலர்க்கும் ஒரே விலைக்குக் கிடைப்பதன்று.

எனினும், இம்முதியோரை வெறும் இரக்கத்துக்குரியோராக மட்டும் காண்பது தவறு. வீட்டை இழந்தோம், ஆயினும் வாழ்வை இழக்கவில்லை என்று அவர்கள் தலைநிமிர்ந்து சொல்கிறார்கள். 1978 இல் ஜோ, கே பீற்றர்சன் தம்பதியர் தொடங்கிய ‘எஸ்கேப்பீஸ்’ என்ற வண்டிவாசிகள் கழகம் டெக்சாஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டனில் ஒரு பராமரிப்பு நிலையத்தை அமைத்தது. இனி வண்டி ஓட்ட இயலாதோர் தம் வண்டியிலேயே அங்கு தங்கி, உணவும் உதவியும் பெறலாம். குவார்ட்ஸைட்டின் மருங்கே 2011 முதல் பொப் வெல்ஸ் என்பார் கூட்டிய சந்திப்புக்களில், சூரிய மின்தகடு பொருத்துவது முதல் மலிவாகப் பல்வைத்தியம் செய்ய மெக்சிக்கோ எல்லையூருக்குச் செல்வதுவரை, ஒருவர்க்கொருவர் கற்பித்தனர். உழைப்பாளரின் பரஸ்பர உதவி என்னும் பழைய பண்பு பாலைவனத்திலும் பட்டுப்போகவில்லை. ஆயினும், பரஸ்பர உதவி ஓய்வூதியத்துக்கு ஈடாகாது.

புரூடரின் நூலைத் தழுவிய திரைப்படம் 2021 இல் ஒஸ்கார் பரிசு பெற்றது. அழகிய படமே. ஆனால், நூலில் முன்னின்ற உழைப்பின் நோவு படத்திற் பின்னே சென்றுவிட, கணவனை இழந்த ஒருத்தியின் தனித்துயர் முன்னே வந்துவிட்டது. சமூகம் விளைத்த துன்பம் தனிமனிதரின் மனநிலையாக மாறும்போது, அதற்குப் பொறுப்பானோர் திரையிலிருந்து மெல்ல மறைந்துவிடுகின்றனர். இலக்கிய மாணவர் இவ்வேறுபாட்டைச் சிந்தித்தல் நன்று.

2024 ஜூன் மாதத்தில், பொது இடத்தில் உறங்குவதை நகரங்கள் தண்டிக்கலாம் என அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1936 இன் எல்லைக் காவல் வேறு உருவில் மீள்கின்றது எனலாம்.

ஓய்வு என்பது இயற்கை மனிதனுக்கு அளித்த வரமன்று; எந்த முதலாளியும் மனமிரங்கி ஈந்த கொடையுமன்று. கழகங் கூட்டியும் வேலைநிறுத்தஞ் செய்தும் மனிதர் வென்றெடுத்த உரிமை அது. வென்றெடுத்ததை ஒரே நாளில் எவரும் பறிக்கவில்லை. ஒரு சட்டப் பிரிவு, ஒரு வயதுத் திருத்தம், ஒரு குத்தகை ஒப்பந்தம் எனச் சிறிது சிறிதாகவே அது கரைந்தது. கரைந்தபோது அதற்குச் ‘சுதந்திரம்’, ‘சாகசம்’ என்று அழகிய பெயர்களும் சூட்டப்பட்டன. முதியவர் வேலை செய்யாதிருத்தலே சமுதாயத்துக்கு நன்மை என்று டவுன்சென்டின் திட்டம் விதித்தது. கணக்கில் அவர் பிழைத்திருக்கலாம். முதுமைக்கு ஒரு சமுதாயம் எதைக் கடன்பட்டிருக்கிறது என்ற கேள்வியை அவர் பிழையாகக் கேட்கவில்லை. அக்கேள்விக்கு அவருடைய நாடு இன்னும் விடை கூறவில்லை.