மன்றாட்டு: ஜெபமும் மனைக்கட்டும்

உத்திரமேரூர் என்றால் எல்லோருக்கும் குடவோலைதான். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும், வெட்டப்பட்ட கல்வெட்டுகள். பாடப்புத்தகம் தொடங்கி மேடைப் பேச்சு வரைக்கும் ‘ஜனநாயகத்தின் தொட்டில்’ என்று ஆட்டி ஓய்ந்தாயிற்று. ஓலையில் பேர் எழுதப்பட யாருக்குத் தகுதி என்பதை மட்டும் நின்று வாசிப்பவர் குறைவு. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். மந்திர பிராமணம் கற்றிருக்க வேண்டும். ஆக நிலம், மனை, மந்திரம். மூன்றும் சேர்ந்தே இருந்தன என்பதுதான் என் கவனத்தில் தைக்கிறது.

ஏறக்குறைய 970 வருஷம் கழித்து இதே வட்டாரத்தில் இந்த மூன்றும் மறுபடி சேர்ந்தே பேசப்பட்டன. இந்த முறை சேரிப் பக்கத்திலிருந்து. உத்திரமேரூர் அப்போது செங்கல்பட்டு ஜில்லா மதுராந்தகம் தாலுகாவில் இருந்தது. ஜில்லாவின் கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலை பற்றி ஒரு குறிப்பு எழுதி அரசுக்கு அனுப்பினார். மிராசு முறையின் கீழ் குடிசை நிற்கிற சேரி நத்தம்கூட மிராசுதாருக்கே என்று சொல்லப்பட்டது. முறைத்துக்கொண்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். தரிசு கேட்டு தர்க்காஸ்து போட்டால் அதிலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. படியாள் நிலம் வாங்கிவிட்டால் பண்ணைக்கு யார் வருவது? விஷயம் அவ்வளவுதான்.

இந்தச் சூழலில்தான் மக்கள் கூட்டம் கூட்டமாக மிஷனரிகளிடம் போனார்கள். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் ஆதாம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி. இருவரும் பறையரின் நிலப் பிரச்சினையைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர்கள். ஆனால் மிஷன் என்ற அமைப்புக்கு ஓர் அரிப்பு இருந்துகொண்டே இருந்தது: வருகிறவன் ஆத்துமாவுக்காக வருகிறானா, அரிசிக்காக வருகிறானா? அதனால் ஞானஸ்நானத்துக்கு முன் காத்திருக்க வைத்தார்கள், ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், அந்த ஜெபம் மனசிலிருந்து வருகிறதா என்று கவனித்தார்கள். ஃபூக்கோ சொல்லும் மேய்ப்பனின் அதிகாரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆடு மேய்ந்தால் போதாது, எதற்காக மேய்கிறது என்றும் அது சொல்லியாக வேண்டும். சாதியடிமைத்தனத்தை மதப் பிரச்சினையாக, ஆன்மப் பிரச்சினையாக மாற்றிப் பேசியதில் மிஷனுக்கும் அரசுக்கும் இருந்த பங்கை ரூபா விஸ்வநாத் 2014இல் வந்த தன் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ‘இதெல்லாம் அரிசிக் கிறிஸ்தவம்’ என்று மிராசுதார்களும் சொல்ல முடிந்தது. அந்த வசவின் பாதி மிஷன் பங்களாவிலேயே தயாரானது.

நம் தோழர்கள் இந்த இடத்தில் ‘அபின்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. தமிழ் படித்தவன் என்பதால் சொற்களிடம் போகிறேன். ‘ஜெபம்’ என்பது ஜபம்தான், மந்திரத்தை உருப்போடுதல். சபை தனக்கென்று வைத்துக்கொண்ட காரியம் சேரியின் வாய்க்கு வந்துவிட்டது, அதுவும் தமிழில். ‘விண்ணப்பம்’ சோழர் கல்வெட்டில் அரசனுக்குச் செய்வது, பின்னால் தாசில்தாருக்கு, வேதாகமத்தில் தேவனுக்கு. (கோர்ட் மனுவின் கடைசியில் வரும் வேண்டுகோளுக்கு இன்றும் வக்கீல்கள் ‘பிரேயர்’ என்றுதான் சொல்கிறார்கள்.) ‘மன்றாட்டு’ இன்னும் அழகு. மன்றாடுதல் என்றால் மன்றத்தில் வாதாடுதல். மன்றத்துக்குள் நுழையவே முடியாதவன் மன்றாடக் கற்றுக்கொண்டான் என்றால் அது சும்மா பக்தி சமாச்சாரமா?

கிறிஸ்தவனின் ஆன்மீகப் போராட்டம் என்றதும் பிரசங்கிகள் எடுக்கிற வசனம் எபேசியர் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. போராட்டம் மாம்சத்தோடு அல்ல, அதற்கு மேலான சக்திகளோடு என்பது அதன் சாரம். பவர் ஐயர் குழுவின் 1871ஆம் வருஷ மொழிபெயர்ப்பு வழியாக நாம் வாசிக்கிற பைபிளில் அந்தச் சக்திகளில் முதலாவதற்கு என்ன பெயர் தெரியுமா? துரைத்தனம். அந்தக் காலத்தில் துரைத்தனம் என்றால் சர்க்கார். மூலத்தில் உள்ள சொல்லும் ஆட்சியதிகாரத்தைக் குறிப்பதுதான். ஆனால் கச்சேரி வாசலில் கைகட்டி நின்ற ஒருவர் இதை எழுத்துக்கூட்டி வாசித்தபோது வானமண்டலத்துப் பேயை மட்டுமா நினைத்திருப்பார்? உபதேசியார் என்ன விளக்கம் சொல்லியிருந்தாலும் அந்தச் சொல் தன் வேலையைச் செய்திருக்கும் என்பது என் வாசிப்பு. மிராசுதாரின் தலைக்கு மேலே பேச ஒரு முகவரி கிடைத்தது. ஜெபத்தின் வல்லமை என்று நான் புரிந்துகொள்வது முதலில் இதைத்தான்.

வருவாய் வாரியம் டிரெமென்ஹீரின் குறிப்பை விரும்பவில்லை. இருந்தும் 1892 செப்டம்பர் 30இல் அரசாணை வந்தது. பின்னாளில் பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்ற ஒதுக்கீடு அங்கிருந்து தொடங்குகிறது. மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லும் கணக்கு. அதில் எவ்வளவு கைமாறிப் போனது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் இரண்டு பேர்: ஜான் தாமஸ், ஏழுமலை. ஒன்று வேதக்காரப் பெயர், இன்னொன்று பெருமாள் பெயர். குண்டுக்கு அந்த வித்தியாசம் இல்லை.

சட்டத்துக்கு இருக்கிறது. 1950ஆம் வருஷக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் கொடுத்தது. 1956இல் சீக்கியர், 1990இல் பௌத்தர் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், தவறாமல் தேவாலயம் போய்க்கொண்டே சலுகைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மேல் செய்யும் மோசடி என்றது. 1890களில் கேட்ட கேள்விதான், தலைகீழாக. அன்றைக்கு நிலத்துக்காகக் கிறிஸ்தவனா? இன்றைக்கு வேலைக்காக இந்துவா? வயிறும் மனசும் ஒரே உடம்பில் இருப்பது ஏழைக்கு மட்டும் குற்றமாகிறது. மிராசுதாரின் வேண்டுதலில் லாபக் கணக்கு இருந்ததா என்று எவரும் விசாரித்ததில்லை.

எங்கள் பக்கத்துக் காலனிகளில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் நடக்கும். நான் விசுவாசி இல்லை, திண்ணையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பெண்கள் சின்னச் சீட்டில் ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுப்பார்கள், ஊழியக்காரர் உரக்க வாசிப்பார். புருஷன் குடி, பிள்ளைக்கு வேலை, மனைப்பட்டா. குறிப்பில் எஸ்தர், மார்த்தாள் என்று இருக்கும். திங்கட்கிழமை தாலுகா ஆபீசுக்கு எடுத்துப்போகும் மனுவில் அதே பெண்களுக்கு வேறு பெயர்.