செட்டிநாட்டுப் பெட்டகங்களில் பர்மா, மலாயா நோட்டுகள்

சிவகங்கை மாவட்டத்துக் கீழச்சிவல்பட்டி போன்ற நகரத்தார் ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் அங்கே லேவாதேவித் தொழில் நடத்தினர். அந்நாடுகளின் பழைய நோட்டுகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடுகின்றனர். ஆனால் எது விலைபோகும் என்பது பலர் நினைப்பதற்கு நேர்மாறானது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. அவர்கள் அச்சிட்டுக் கொட்டிய நோட்டுகளுக்கு ஈடாகப் பொன்னோ வெள்ளியோ இல்லை. பெரும்பாலானவற்றில் வரிசை எண்கூடக் கிடையாது. மலாயாவுக்கு ‘எம்’, பர்மாவுக்கு ‘பி’ எனத் தொடங்கும் எழுத்துகள் மட்டுமே. மலாயாவின் பத்து டாலர் தாளில் வாழைக்குலைப் படம் இருந்ததால் ‘வாழைமர நோட்டு’ என்ற பெயர் ஏற்பட்டது. 1945இல் போர் முடிந்ததும் இவை வெறுங்காகிதமாயின. மாற்றித்தர ஆளில்லாததால் பெட்டிகளிலேயே தங்கிவிட்டன. ஏராளமாக எஞ்சியிருப்பதால் இன்றும் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கின்றன. வரிசை எண்ணுள்ள தொடக்ககால மலாயாத் தாள்களுக்குச் சற்று மதிப்பு அதிகம்.

இந்த மலிவுத் தாளுக்குப் பின்னால் பெரும் நட்டம் உண்டு. போருக்கு முன் நல்ல டாலரில் வாங்கிய கடனை மலாயாவில் பலர் இத்தாளைக் கொடுத்தே அடைத்தனர். எழுந்த வழக்குகளைத் தீர்க்க 1948இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. ஆக்கிரமிப்புக் காலப் பணத்தின் உண்மை மதிப்பை அளக்க அதில் ஓர் அட்டவணையும் இருந்தது.

நல்ல நோட்டுகளின் கதை வேறு. ஐந்தாம் ஜார்ஜ் காலத்து நூறு ரூபாய்த் தாள்களில் சென்னை, பம்பாய், ரங்கூன் என வெளியீட்டு வட்டத்தின் பெயர் இருக்கும். ரங்கூன் பெயருள்ளவை அரியவை. 1937இல் பர்மா தனியே பிரிந்தபோது, பர்மாவில் மட்டுமே செல்லும் என்ற வாசகத்தை இந்திய நோட்டுகளின் மேல் அச்சிட்டனர். 1938இல் இந்திய ரிசர்வ் வங்கி பர்மாவுக்கெனத் தனி நோட்டுகளையே வெளியிட்டது. இவை செல்லும் பணம். ஆகவே செலவாயின, வங்கிக்குத் திரும்பின, அழிக்கப்பட்டன. ஐந்தொகையில் கறாரான நகரத்தார் நல்ல பணத்தை வட்டியில்லாமல் பூட்டிவைப்பார்களா என்ன! எஞ்சியவை கொஞ்சமே, விலை ஏறியது அதனால்தான்.

அமெரிக்காவிலும் இப்படித்தான். 1863 முதல் 1935 வரை அங்கே ஊர்தோறும் இருந்த தேசிய வங்கிகள் தம் பெயரும் ஊர்ப்பெயரும் பொறித்த நோட்டுகளை வெளியிட்டன. நியூயார்க் வங்கித் தாளைவிட, நாலைந்து தாள் மட்டுமே மிஞ்சிய சிற்றூர் வங்கித் தாளுக்குப் பல மடங்கு விலை.

மடிப்பு, கறை, ஒட்டுத்தாள் இவை மூன்றும் விலையைக் குறைக்கும். நோட்டை லேமினேட் செய்வது அதைக் கெடுப்பதே. பழைய நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருவதாகக் கூறி முன்பணம் கேட்போரும் உண்டு. தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.