போலியோவுக்குப் பலியான இங்கிலாந்து கால்பந்து வீரர் ஜெஃப் ஹால்

இங்கிலாந்து தேசிய கால்பந்து அணியின் வலது பின்கள தடுப்பாட்டக்காரராக 1950-களில் விளங்கியவர் ஜெஃப் ஹால். பர்மிங்ஹாம் சிட்டி அணிக்காக ஆடிவந்த அவர், 29-ஆவது வயதில் போலியோ தாக்கி உயிரிழந்தார். பிரிட்டனில் போலியோ தடுப்பூசி இயக்கத்தின் வரலாற்றில் அவரது பெயர் இன்றும் குறிப்பிடப்படுகிறது.

லிங்கன்ஷையர் மாவட்டத்தின் ஸ்கன்தோர்ப் நகரில் 1929-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி பிறந்த ஹால், 1950-இல் பர்மிங்ஹாம் சிட்டியில் இணைந்தார். தொடக்கத்தில் நடுக்கள வீரராக இருந்தவர், பின்களத்துக்கு மாற்றப்பட்ட பிறகே தனக்குரிய இடத்தைக் கண்டடைந்தார். கோல் காப்பாளர் கில் மெரிக், இடது பின்களத்தில் கென் கிரீன், வலதுபுறம் ஹால் என அமைந்த தடுப்பு வரிசை, 1954-55 பருவத்தில் இரண்டாம் பிரிவு லீக் பட்டத்தை வெல்ல அணிக்குத் துணை நின்றது.

முதல் பிரிவுக்கு உயர்ந்த அடுத்த ஆண்டிலேயே பர்மிங்ஹாம் சிட்டி 6-ஆவது இடத்தைப் பிடித்தது. அந்த அணியின் வரலாற்றில் இதுவே மிகச் சிறந்த லீக் நிலை. அதே பருவத்தில், சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் எஃப்ஏ கோப்பை இறுதிச்சுற்றையும் எட்டியது. 1956 மே 5-ஆம் தேதி வெம்ப்ளியில் நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியிடம் 1-3 என்ற கோல் கணக்கில் தோல்வியுற்றது. எதிரணியின் கோல் காப்பாளர் பெர்ட் டிராட்மான் கழுத்தெலும்பு முறிந்த நிலையிலும் ஆட்டத்தை முடித்தது அன்றுதான்.

நான்கே நாள்களில் ஹால் மீண்டும் வெம்ப்ளியில் களமிறங்கினார். இம்முறை எதிரணி பிரேஸில். இங்கிலாந்து 4-2 என வென்றது. தேசிய அணிக்காக அவர் ஆடிய 17 ஆட்டங்களில் தோல்வி ஒன்றே ஒன்று. அது 1955-இல் கார்டிஃபில் வேல்ஸ் அணியிடம் ஏற்பட்டது. இடது பின்களத்தில் அவருக்கு இணையாக ஆடிய மான்செஸ்டர் யுனைடெட் வீரர் ரோஜர் பைர்ன், 1958 பிப்ரவரியில் மியூனிக் விமான விபத்தில் உயிரிழந்தார். அடுத்த 14 மாதங்களுக்குள் ஹாலும் மறைந்தார்.

1959 மார்ச் 21-ஆம் தேதி போர்ட்ஸ்மத் அணிக்கு எதிராக ஆடியதே அவரது கடைசி ஆட்டம். ஓரிரு நாள்களில் நோய்வாய்ப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவருக்கு போலியோ இருப்பது உறுதி செய்யப்பட்டது. ஏப்ரல் 4-ஆம் தேதி அவர் காலமானார்.

பிரிட்டனில் போலியோ தடுப்பூசி 1956-லேயே அறிமுகமாகியிருந்தது. 1958-இல் 25 வயது வரையிலான இளைஞர்களுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. ஆயினும் அவர்களிடையே ஆர்வம் இல்லை. இளம்பிள்ளை வாதம் என்று தமிழில் வழங்கும் பெயரைப் போலவே, ஆங்கிலத்திலும் அது குழந்தைகளின் நோயாகவே அறியப்பட்டிருந்தது. வாரந்தோறும் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் ஓடியாடிய, உடல் வலிமை மிக்க ஒரு வீரரை அந்நோய் இரண்டே வாரங்களில் கொன்றது, அந்த எண்ணத்தைத் தகர்த்தது. ஹாலின் மனைவி தொலைக்காட்சியில் தோன்றி கணவரின் நோய் குறித்துப் பேசினார். தடுப்பூசி மையங்களில் இளைஞர்கள் வரிசையில் நின்றனர். அவசர மையங்கள் திறக்கப்பட்டன. பல இடங்களில் மருந்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஹாலோ, அப்போதைய வயது வரம்பை ஏற்கெனவே கடந்திருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

பர்மிங்ஹாம் சிட்டிக்காக லீக் போட்டிகளில் 227 ஆட்டங்களில் பங்கேற்ற ஹால், அவற்றில் ஒரேயொரு கோல் அடித்துள்ளார். அணியின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் அவரது நினைவாகக் கடிகாரம் ஒன்று நிறுவப்பட்டது. 1990-களில் மைதானம் புதுப்பிக்கப்பட்டபோது அகற்றப்பட்ட அக்கடிகாரத்துக்குப் பதிலாக, 2011-இல் புதிய நினைவுக் கடிகாரம் அங்கு அமைக்கப்பட்டது.