டிராம்பேக்கு முன்னால் பெங்களூர்

அணுசக்தி ஆராய்ச்சி என்றவுடனே பம்பாய்க் கடலோரத்து டிராம்பேயை நினைப்பது நமக்கு வழக்கமாகிவிட்டதெனினும், அதன் பூர்வகதை பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலேதான் தொடங்குகிறது. 1939ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜிலிருந்து விடுமுறைக்குத் தாயகம் வந்த ஹோமி பாபா, யுத்தம் மூண்டமையால் திரும்பிச் செல்ல இயலாமல், சர் சி. வி. ராமன் தலைமை வகித்த பௌதிகத் துறையில் ரீடராக அமர்ந்தார். பூமியின் காந்த மத்தியரேகைக்கு அருகே இருப்பது பெங்களூருக்கு வாய்த்த விசேஷம். வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களில் சக்தி குன்றியவற்றைக் காந்தப் புலம் விலக்கிவிட, வலிமை மிக்கவையே அங்கு வந்து சேரும். அமெரிக்க விமானங்களில் கைகர் கருவிகளை ஏற்றி, சுமார் 30,000 அடி உயரம்வரை அனுப்பி, பாபாவும் சகாக்களும் அக்கதிர்களை அளந்தார்கள். யுத்தத்தால் நமக்கு விளைந்த மிகச் சில நன்மைகளில் இதனையும் சேர்க்கலாம்.

ஹிரோஷிமாவின்மீது குண்டு விழுவதற்குப் பதினேழு மாதங்களுக்கு முன்பே, 1944 மார்ச் 12ஆம் தேதி, டாட்டா தர்மநிதிக்கு பாபா ஒரு கடிதம் எழுதினார். இன்னும் இருபது ஆண்டுகளில் அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வருமாயின், நிபுணர்களுக்காக இத்தேசம் அயல்நாட்டை எதிர்பார்த்து நிற்கலாகாது என்பதே அதன் சாரம். அதன் பயனாக 1945 ஜூன் முதல் தேதி கழக வளாகத்திலேயே டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. பம்பாய் சர்க்காரும் பொருளுதவி செய்ய முன்வந்திருந்தபடியால், அவ்வாண்டு டிசம்பரில் அந்நகருக்கே குடிபெயர்ந்தது.

1948 ஏப்ரலில் அணுசக்தி மசோதா அரசியல் நிர்ணய சபைக்கு வந்தபோது, மைசூர் அங்கத்தினர் எஸ். வி. கிருஷ்ணமூர்த்தி ராவ், பிரிட்டனிலே தேசப் பாதுகாப்புக்கு மட்டும் விதித்த இரகசியத்தை இங்கே ஆராய்ச்சி முழுமைக்கும் விதிப்பானேன் என்று வினவினார். இவ்விரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று தமக்குத் தெரியவில்லை என்றார் நேரு. அவ்வாண்டு ஆகஸ்டில் அமைந்த அணுசக்திக் கமிஷனில் பாபா தலைவர். விஞ்ஞானிகளான பட்நாகரும், நம் வத்திராயிருப்பு கே. எஸ். கிருஷ்ணனும் அங்கத்தினர். 1954இல் அணுசக்தி இலாகா ஏற்பட்டதும் அதன் காரியதரிசியும் பாபாவே. ஆலோசனை கூறுபவரும் அதனை நிறைவேற்றுபவரும் ஒருவரேயான இவ்வேற்பாட்டினால் 1956இலேயே டிராம்பேயில் அப்ஸரா அணு உலை இயங்கிற்று என்பது மெய்; ராவின் கேள்வியைப் பிற்பாடு எடுத்துக் கேட்க அந்த இலாகாவுக்குள்ளே எவரும் இல்லாமற்போனதும் இவ்வேற்பாட்டினால்தான் என்பது என் கருத்து.