ரெண்டு வாளி மீன்

ஒரு உயிரினத்தோட மொத்த ஜனத்தொகையும் ரெண்டு பிளாஸ்டிக் வாளிக்குள்ள அடங்கிப்போன கதை தெரியுமா மக்களே? நடந்தது கலிபோர்னியாவில், பிஷப் ஊருக்கு வடக்கே ஃபிஷ் ஸ்லோங்கிற சதுப்பு நிலத்தில்.

மீனோட பேர் ஓவன்ஸ் பப்ஃபிஷ். ரெண்டு அங்குலம் இருந்தாலே பெருசு. ஒரு காலத்தில் அங்கிருந்த பையூட் மக்கள் கூடை கூடையா அள்ளி, காயவெச்சு, குளிர்காலத்துக்குக் கருவாடா வெச்சுக்குற அளவுக்கு இருந்திருக்கு. 1913-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் கால்வாய் வெட்டி ஓவன்ஸ் ஆத்துத் தண்ணியை இழுத்துக்கிச்சு. மிச்சமிருந்த தண்ணியில தூண்டில்காரங்களுக்காக விட்ட பாஸ் மீன் இதைத் தின்னுச்சு. கொசு ஒழிக்க நம்மூர் கிணத்துல விடுறோமே கம்பூசியா, அதுவும் அங்கே ஒரு வில்லன்!

1948-ல் ராபர்ட் ரஷ் மில்லர் இதுக்கு அறிவியல் பேர் வெச்சப்போ, மீன் ஏற்கெனவே அழிஞ்சுபோச்சுன்னுதான் நினைச்சாங்க. 1964-ல் அவரும், அவர் மாமனார் கார்ல் ஹப்ஸும், பில் பிஸ்டரும் ஃபிஷ் ஸ்லோவில் கொஞ்சத்தைக் கண்டுபிடிச்சாங்க. ஊற்றுத் தண்ணியைத் தடுத்து, பாஸ் நுழையாதபடி ஒரு சின்ன சரணாலயம் அமைக்கத் திட்டம் போட்டாங்க.

அதுக்குள்ள 1969 ஆகஸ்ட் 18. மீன் இருந்த குட்டை வத்திக்கிட்டிருக்குன்னு தகவல். பிஸ்டரும் சகாக்களும் ஓடினாங்க. 800 மீன் தேறுச்சு. ஓடுற தண்ணியில வலைக்கூண்டு போட்டு அதுக்குள்ள விட்டுட்டு, மத்தவங்க கிளம்பிட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு பிஸ்டர் பார்த்தா, கூண்டுக்குள்ள மீனுங்க செத்து மிதக்குது. அந்த இடத்துல நீரோட்டம் போதலை. உயிரோட இருந்ததை ரெண்டு வாளியில அள்ளிக்கிட்டு, சேத்துல தனியா நடந்தார் மனுஷர். கால் தடுக்கியிருந்தா? அவ்வளவுதான், கதை முடிஞ்சிருக்கும்.

இவருக்குச் சம்பளம் கொடுத்தது மீன்பிடி, வேட்டைத் துறை. தூண்டில் போடுறவங்களுக்கு டிரவுட் மீன் குறையாமப் பார்த்துக்கிறதுதான் அவரோட வேலையே :-) இந்தப் பொடி மீனால என்ன பிரயோஜனம்னு கேட்டவங்களை, உங்களால என்ன பிரயோஜனம்னு திருப்பிக் கேட்பாராம். அதே 1969-லதான் பாலைவன மீன்களுக்காக ஒரு சங்கமும் ஆரம்பிச்சாங்க, அதுலயும் இவர்தான் முன்னாடி நின்னார். 2023-ல் தன்னோட 94-வது வயசில் காலமானார்.

இன்னிக்கு இருக்குற ஓவன்ஸ் பப்ஃபிஷ் எல்லாமே அந்த வாளி மீன்களோட வாரிசுங்கதான். அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஊற்றுகள்ல மட்டும். கோரை மண்டினா வெட்டணும். பாஸ் புகுந்தா பிடிச்சு வெளியே போடணும். அந்த வேலை இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.